அங்காரா அகஸ்டஸ் கோவில்: ரெண்டு சுவரைப் பார்க்க அரை மணி நேரம் போதுமா?

ஏப்ரல் 2, காலை 9.10 | திசைகாட்டி

அக்டோபரில் துருக்கி போகிறோம். கப்படோக்கியாவுக்கு முன்னால் அங்காராவில் ஒரு பகல் கிடைக்கிறது. உலுஸ் பகுதியில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கட்டிய கோவில் ஒன்று இருப்பதாகப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் ரெண்டு நெட்டைச் சுவர், ஒரு வாசல், இரும்பு முட்டு, சுற்றிலும் வேலி. வெளிவரிசைத் தூண் ஒன்றுகூட நிற்கவில்லை. அரை மணி நேரம் கொடுத்துவிட்டு மீதியை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. சரிதானே?

ஏப்ரல் 2, இரவு 10.40 | கல்லெழுத்து

சரியில்லை. பார்ப்பதற்கு அரை மணி போதும். அந்தக் கோவிலுக்குப் போவது படிப்பதற்காக. குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதையும் பிற்பகலில் வையுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். அகஸ்டஸ் கட்டியதல்ல, அகஸ்டஸுக்குக் கட்டியது. கலாத்தியா நாட்டை ஆண்ட அமிந்தாஸ் இறந்ததும் கி.மு. 25இல் ரோம் அதைத் தன் மாகாணமாக்கிக்கொண்டது. அங்காரா அப்போது அன்கிரா. கலாத்தியர்களின் பொதுச்சபை, உயிரோடு இருந்த மன்னரையும் ரோமாபுரித் தேவியையும் சேர்த்து வழிபட இந்தக் கோவிலை எழுப்பியது. இந்த வழக்கத்துக்கு அகஸ்டஸ் முதலில் இடம் கொடுத்தது கி.மு. 29இல், ஆசியா மைனர் நகரங்களான பெர்காமோனுக்கும் நிக்கோமீடியாவுக்கும். தன்னை மட்டும் தனியாக வைக்கக் கூடாது, ரோமாவோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு.

இப்போது நிற்பவை கருவறையின் இரண்டு பக்கச் சுவர்கள், அவை முன்னால் நீண்டு அணைக்கும் முன்மண்டபம், நடுவில் வேலைப்பாடுள்ள வாசல்நிலை. பின்சுவர் இல்லை. அதிஷ்டானம் சுமார் 36 மீட்டர் அகலம், 55 மீட்டர் நீளம். சுற்றிலும் முகப்பில் 8, பக்கத்துக்கு 15 என்று தூண் வரிசை இருந்தது என்பது அடித்தளத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. தூண்கள் போய்விட்டன. நாம் போவது சுவருக்காக.

சுவரில் என்ன? அகஸ்டஸ் தன் வாழ்நாள் செயல்களைத் தானே எழுதிவைத்த அறிக்கை. நம் ஊர்க் கல்வெட்டு படித்தவர்களுக்கு மெய்க்கீர்த்தி என்றால் சட்டென்று புரியும். ஒரு வித்தியாசம்: மெய்க்கீர்த்தி அரசனைப் படர்க்கையில் பாடும், இது முழுக்கத் தன்மையில் பேசும். “பத்தொன்பது வயதில் என் சொந்தப் பொறுப்பில், சொந்தச் செலவில் படை திரட்டினேன்” என்றுதான் தொடங்குகிறது. லத்தீன் மூலம் முன்மண்டபத்தின் உட்பக்கச் சுவர்களில்: வாசலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மூன்று பத்தி, வலப்பக்கம் மூன்று பத்தி. கிரேக்க மொழிபெயர்ப்பு வலப்பக்கச் சுவரின் வெளிமுகத்தில், அதாவது தென்கிழக்குப் பக்கம், 19 பத்தி.

போகும் வழி எளிது. மெட்ரோவில் உலுஸ் நிலையம், அங்கிருந்து மேட்டில் பத்து நிமிட நடை. ஹாஜி பைராம் மசூதியைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். கோவில் மசூதியோடு ஒட்டி நிற்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் மட்டும் வேண்டாம். தொழுகைக் கூட்டம் கோவில் வேலி வரை நிற்கும், நீங்கள் நின்று படிக்க இடம் இருக்காது.

ஏப்ரல் 3, காலை 6.25 | கல்லெழுத்து

வெளிச்சம் பற்றி எழுத விட்டுப்போயிற்று. பலர் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

எழுத்து ஆழமில்லாமல் செதுக்கியது. முதலில் பள்ளத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள், அதனால் தூரத்திலிருந்தும் தெரிந்தது. இப்போது வண்ணம் போய், கல்லும் எழுத்தும் ஒரே நிறம். நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும். கிரேக்கச் சுவர் தென்கிழக்கு பார்த்தது. நண்பகலுக்கு முன் போனால் வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும், வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பிற்பகலில் கதிர் சுவரை உராய்ந்துகொண்டு போகும்போது ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கறுக்கும். அக்டோபரில் மூன்றரைக்கு மேல் நின்று பாருங்கள்.

வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணியே போங்கள். 8 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்று போதும், பத்துக்கு மேல் வேண்டாம், கை நடுங்கும். கேமரா என்றால் 200 மி.மீ. வரை நீளும் லென்ஸ். முன்மண்டப எழுத்தை நேரெதிரே நின்று பார்க்க முடியாது. இடச்சுவரைப் பார்க்க முகப்பின் வலது ஓரத்துக்கும், வலச்சுவரைப் பார்க்க இடது ஓரத்துக்கும் நகர வேண்டும்.

ஏப்ரல் 3, மாலை 4.50 | யவனக்கலம்

“லத்தீன் மூலம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அங்காராவில் இருப்பது மூலமா?

ஏப்ரல் 3, இரவு 9.15 | கல்லெழுத்து

இல்லை. என் சொல் தப்பு. அங்காராவில் இருக்கும் லத்தீனும் படிதான். மூலம் ரோமில், அகஸ்டஸின் சமாதிக்கு முன்னால் இரண்டு வெண்கலத் தூண்களில் இருந்தது. கி.பி. 14 ஆகஸ்ட் 19இல் அவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற ஆவணங்களில் ஒன்றாக செனட்டில் வாசிக்கப்பட்டு, பிறகு வெண்கலத்தில் ஏறியது. வெண்கலம் உருக்கினால் காசு. அது எங்கே போனது என்பதற்குத் தடயமே இல்லை. ஆக, மாகாணத்தில் வெட்டிய நகல் இல்லையென்றால் இந்த வாசகம் முழுதாக நமக்குக் கிடைத்திருக்காது.

ரோம் போகிறவர்களுக்கு ஒரு வழி: அரா பாசிஸ் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில், தெருப்பக்கம், முழு லத்தீன் வாசகத்தையும் 1938இல் பொறித்துவைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வேண்டாம். அதை ஒருமுறை படித்துவிட்டு அங்காரா சுவரைப் பார்த்தால் உடைந்த இடத்திலும் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஏப்ரல் 4, காலை 8.00 | திசைகாட்டி

அப்படியானால் பிற்பகலை இதற்கே வைக்கிறேன். ரெண்டு கேள்வி. படத்தில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். வெண்கல எழுத்து பதித்த குழிகளா? அப்புறம், மசூதி கட்டும்போதுதானே கோவிலை இடித்தார்கள்?

ஏப்ரல் 4, இரவு 11.20 | கல்லெழுத்து

குழிகள்: இல்லை. பிரான்சில் நீம் நகரத்தில் மேசோன் கர்ரே கோவிலில்தான் அந்தக் கதை. அங்கே வெண்கல எழுத்துகளை ஆணியடித்துப் பதித்திருந்தார்கள், எழுத்து போய் ஆணிக்குழி மட்டும் மிஞ்சியது. 1758இல் செகியே என்ற அறிஞர் குழிகளின் அமைப்பை வைத்தே அது அகஸ்டஸின் பேரன்கள் காயஸ், லூசியஸ் இருவருக்குமான கோவில் என்று வாசித்தார். அங்காராவில் எழுத்து நேராகக் கல்லிலேயே வெட்டியது. நீங்கள் பார்க்கும் குழிகள் பெரும்பாலும் கற்கள் சேரும் இணைப்பில் இருப்பதைக் கவனியுங்கள். ரோமக் காலத்தில் சாந்து இல்லாமல் கல்லோடு கல்லை இழைத்து வைத்து, உள்ளே இரும்புக் கவ்வி போட்டு ஈயம் ஊற்றி இறுக்குவார்கள். பிற்காலத்தில் இரும்பும் ஈயமும் தேவைப்பட்டவர்கள் இணைப்பில் குடைந்து அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். பத்தியின் நடுவே குழி வந்தால் மூன்று நான்கு எழுத்து போயிற்று என்று அர்த்தம்.

மசூதி: இல்லை. காலவரிசையைப் பாருங்கள். ரோமச் சாம்ராஜ்யம் கிறிஸ்தவமான பிறகு கோவில் தேவாலயமாயிற்று. பின்சுவரை எடுத்துவிட்டுக் கருவறையைக் கிழக்கே நீட்டினார்கள், தென்கிழக்குச் சுவரில் சன்னல் வெட்டினார்கள். கிரேக்கப் பத்திகளுக்கு மேலே அந்தச் சன்னல்களை இன்றும் பார்க்கலாம். மசூதி வந்தது 1427-28இல், ஆயிரம் வருஷம் கழித்து. ஹாஜி பைராம் வலி என்ற சூஃபி ஞானியின் சமாதியும் பக்கத்திலேயே.

முதலில் “மசூதி வந்து நெருக்கிவிட்டது” என்றே எழுதப் பார்த்தேன். யோசித்தால் நேர்மாறு. அனத்தோலியாவில் கைவிடப்பட்ட சலவைக்கல் கோவில்கள் பல சுண்ணாம்புக் காளவாயில் போய் முடிந்தன. ஒரு கட்டடம் தப்பிக்க வேண்டுமென்றால் அது புழக்கத்தில் இருக்க வேண்டும். தேவாலயமாகவும், பிறகு புனித இடத்தின் அண்டைச்சுவராகவும் இருந்ததால்தான் இந்தச் சுவர் நிற்கிறது.

ஏப்ரல் 5, காலை 7.30 | கல்லெழுத்து

அதே காரணத்தால் கிரேக்கப் பக்கம் நெடுநாள் கண்ணில் படவேயில்லை. 1555இல் சுல்தானைப் பார்க்கப் போன ஹாப்ஸ்பர்க் தூதர் புஸ்பெக்கின் குழு லத்தீனைக் கண்டு ஐரோப்பாவுக்குச் சொன்னது. ஆனால் கிரேக்கச் சுவரை ஒட்டி வீடுகள் கட்டியிருந்தார்கள், எழுத்து வீட்டுக்குள் இருந்தது. 1861இல் பெரோ, கியோம் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் எட்டிய பத்திகளைப் படியெடுத்தார்கள். 1882இல் கார்ல் ஹூமன் இரண்டு மொழி வாசகங்களையும் சாந்து வார்ப்பில் அச்செடுத்து பெர்லினுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் ஜெர்மானிய வரலாற்றறிஞர் மொம்சன் அதை வைத்துப் பதிப்பு வெளியிட்டார்.

அந்த வார்ப்பு இன்று கல்லைவிட மதிப்புள்ளது. காரணம் அங்காராவின் நிலக்கரிப் புகை. புகையில் இருக்கும் கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து சலவைக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றும். ஜிப்சம் கரையும், கறுத்துப் பொருக்குத் தட்டும், குளிரில் உள்ளே நுழைந்த நீர் உறையும்போது பொருக்கு உரியும். எழுத்து இருப்பது அந்த மேல்தோலில்தான். 2002இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் படத்தில் பார்த்த இரும்பு முட்டு சுவரைத் தாங்குவதற்கு. அது அசிங்கமாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது இல்லையென்றால் சுவரே இல்லை.

ஏப்ரல் 7, இரவு 10.05 | கல்லெழுத்து

எல்லோரும் விட்டுவிட்டுப் போகும் ஒன்று: இடப்பக்கச் சுவரின் முன்முனை. வாசலைப் பார்த்து நிற்கும்போது உங்களை நோக்கியிருக்கும் குறுகிய முகம். அதில் கிரேக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தலைப்பு: கடவுள் செபஸ்தோஸுக்கும் ரோமா தேவிக்கும் பூசாரியாக இருந்த கலாத்தியர்கள். செபஸ்தோஸ் என்பது அகஸ்டஸின் கிரேக்கப் பெயர்.

ஆண்டுக்கு ஒருவர். பெயர், தகப்பன் பெயர், அந்த ஆண்டில் என்ன கொடுத்தார். அரசன் பிரிகாதோஸின் மகன் காஸ்தோர்: ஊருக்கு விருந்து, நான்கு மாதத்துக்கு எண்ணெய், 30 ஜோடி வாள்வீரர்களின் சண்டை, காளைகளையும் விலங்குகளையும் வேட்டையாடும் காட்சி. கைசதோதியாஸ்தேஸின் மகன் அமிந்தாஸ் (மன்னர் அல்ல, வேறொருவர்): இரண்டு முறை விருந்து, நூறு மாட்டுப் பலி, காட்சிகள், ஆளுக்கு ஐந்து மோதியுஸ் தானியம். ஒரு மோதியுஸ் 8.7 லிட்டர், ஆக ஆளுக்கு 43 லிட்டருக்கு மேல். எண்ணெய் என்பது குளியலிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் பூசிக்கொள்ள. பெரும் செலவு.

பெயர்களைப் பாருங்கள். கைசதோதியாஸ்தேஸ், அல்பியோரிக்ஸ், அதெபோரிக்ஸ். கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. கெல்டியப் பெயர்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய கூட்டத்தின் வாரிசுகள். நாட்டை இழந்த அரசக் குடும்பத்தின் பிள்ளைகள்தான் புதிய அரசருக்குப் பூசாரி. இதே பட்டியலில் அமிந்தாஸ் மன்னரின் மகன் பிலைமெனேஸும் வருகிறார். செபஸ்தேயோன், அதாவது செபஸ்தோஸின் கோவில், இருக்கும் இடத்தையும், திருவிழாவும் குதிரைப் பந்தயமும் நடக்கும் இடத்தையும் கொடுத்தவர் அவர் என்று எழுதியிருக்கிறது. மன்னர் வழிபாடு என்றால் என்ன என்று எத்தனை விளக்கம் படித்தாலும் இந்த ஒரு வரி சொல்வதுபோல் வராது. பலியும் விருந்தும் வெளியே பீடத்தைச் சுற்றி நடந்தன, கருவறைக்குள் சிலைதான். நீங்கள் நிற்கும் முற்றம்தான் விழா நடந்த இடம்.

ஏப்ரல் 7, இரவு 11.50 | யவனக்கலம்

அந்த வரி கோவிலின் காலத்துக்கும் முக்கியம். கி.மு. 25-20 என்று வழிகாட்டிப் பலகைகளில் போடுகிறார்கள். பட்டியல் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து கோவில் முடிந்த காலம் பல ஆண்டுகள் பிந்திப் போகும். ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஏப்ரல் 8, காலை 6.40 | கல்லெழுத்து

ஆமாம். மாகாணமான ஆண்டை நான் சொன்னதைக் கட்டி முடித்த ஆண்டாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 9, மதியம் 1.15 | கல்லெழுத்து

இரண்டு மொழித் தலைப்புகளையும் ஒப்பிடுங்கள். லத்தீனில் முதல் மூன்று பத்திகளுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஓடும் தலைப்பு: தெய்வமான அகஸ்டஸ் உலகத்தை ரோம மக்களின் ஆட்சிக்குக் கீழ்ப்படுத்திய செயல்களும், அரசுக்கும் மக்களுக்கும் செய்த செலவுகளும். கிரேக்கத்தில்: கடவுள் செபஸ்தோஸின் செயல்களும் கொடைகளும், மொழிபெயர்த்துக் கீழே எழுதப்பட்டன. கீழ்ப்படுத்திய கதை கிரேக்கத் தலைப்பில் இல்லை. படிக்கப்போகிறவர்கள் கீழ்ப்படுத்தப்பட்டவர்கள் அல்லவா.

ஏப்ரல் 15, இரவு 9.30 | யவனக்கலம்

நம் பக்கத்துக்கும் ஒரு வரி உண்டு. அகஸ்டஸ் அறிக்கையின் 31ஆம் பிரிவு: இந்தியாவின் அரசர்களிடமிருந்து என்னிடம் அடிக்கடி தூது வந்தது, அதற்கு முன் எந்த ரோமத் தளபதியிடமும் அப்படி வந்ததில்லை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தன் நூலில் பாண்டியன் என்ற பெயரைச் சொல்கிறார். ரோமர் காலச் சாலைகளைக் காட்டும் பொய்டிங்கர் வரைபடத்தில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோவில் என்றே வரைந்திருக்கிறது. அப்படியானால் அன்கிராவில் இருந்தது போல முசிறியிலும் ஒன்று இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஏப்ரல் 16, காலை 7.10 | கல்லெழுத்து

உறுதியாகச் சொல்ல முடியாது. வரைபடத்தில் கோவில் படமும் பெயரும் இருப்பது உண்மை. ஆனால் வியன்னாவில் இருக்கும் அந்தத் தோல்சுருள் இடைக்காலப் படி. இடையில் எத்தனை கை மாறியதோ. ரோமச் சாம்ராஜ்யத்துக்கு வெளியே மாகாணச்சபை கிடையாது, ஆகவே அன்கிரா வகைக் கோவில் அங்கே இருந்திருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தால் அங்கே தங்கியிருந்த வணிகர்கள் தங்களுக்காகக் கட்டிய சிறு கோவிலாக இருக்கலாம். உள்ளூர்த் தெய்வத்தின் கோவிலை மாலுமி ஒருவர் அப்படிப் புரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் ஜாடிச் சில்லுகள் நிறைய வந்தன, கோவில் வரவில்லை. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதற்கு அகநானூறு 149 சாட்சி. அந்தப் பாட்டிலும் கோவில் இல்லை.

தூது வரியைச் சுவரில் தேடுகிறவர்களுக்கு: லத்தீனில் ஐந்தாம் பத்தியின் அடியில், அதாவது வலப்பக்க உட்சுவரில் நடுப் பத்தி. அந்த இடம் மிகவும் சிதைந்தது, பதிப்பில் பாதியைக் கிரேக்கத்தை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். இன்னொன்று, ஏப்ரல் 3 அன்று வெளிச்சம் பற்றி எழுதியது வெளிச்சுவருக்கும் இடப்பக்க உட்சுவருக்கும் மட்டும் பொருந்தும். வலப்பக்க உட்சுவர் வடக்குப் பார்த்தது, அக்டோபரில் நாள் முழுக்க நிழல்தான். பிற்பகல் வரைக் காத்திருப்பதால் லாபமில்லை. படம் எடுத்துவந்து வீட்டில் மாறுபாட்டைக் கூட்டிப் பார்ப்பதே வழி.

ஏப்ரல் 16, காலை 7.45 | கல்லெழுத்து

வரி கண்டுபிடிக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். பிரிவு எண்கள் நவீனப் பதிப்பாசிரியர்கள் போட்டவை, கல்லில் கிடையாது. அதற்குப் பதிலாக லத்தீனில் ஒவ்வொரு புதுப் பிரிவின் முதல் எழுத்தும் பத்தியின் இடது ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பத்தி எண்ணும் வரி எண்ணும் உள்ள அச்சுப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, நீட்டிய எழுத்துகளை மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். கிரேக்கம் முகப்பு மூலையில் தொடங்கிப் பின்பக்கம் போகும். நீங்கள் சுவரைப் பார்த்து நின்றால் முதல் பத்தி இடக்கோடியில்.

மே 2, இரவு 8.20 | திசைகாட்டி

எபேசுவும் பெர்காமோனும் போகிறோம். எபேசுவில் ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் கோவில் முழுசாக நிற்கிறதே, அதுவும் இதே வகைதானே?

மே 3, காலை 6.50 | கல்லெழுத்து

எபேசுவில் கியூரேட்டஸ் தெருவில் இருக்கும் அந்தச் சிறு கோவிலை மாகாணத்தின் மன்னர் கோவில் என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அது வேறு. ஓர் ஊர்க்காரர் தன் செலவில் ஆர்த்தெமிஸுக்கும் ஹாட்ரியனுக்கும் ஊர் மக்களுக்கும் எடுத்தது. எபேசுவில் மாகாணக் கோவில் பார்க்க வேண்டுமென்றால் பேரரசர் டொமிஷியனின் கோவில் மேடைக்குப் போங்கள், சுமார் 50க்கு 100 மீட்டர். மேலே எதுவும் இல்லை, மேடையே வேலை. கி.பி. 96இல் டொமிஷியன் கொல்லப்பட்டதும் கல்வெட்டுகளில் அவர் பெயரை மட்டும் கொத்தி எடுத்தார்கள். கொத்திய பட்டையில் கல் கொஞ்சம் பள்ளமாக, சொரசொரப்பாக இருக்கும். அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

பெர்காமோனில் பேரரசர் திராயானின் கோவில் மலை உச்சியில். பெர்காமா ஊரிலிருந்து தொங்கு வண்டி இருக்கிறது. முகப்பில் 6, பக்கத்துக்கு 9 கொரிந்தியத் தூண். இப்போது நிற்பவை 1976 முதல் 1994 வரை ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனம் தூக்கி நிறுத்தியவை. கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கீழே உள்ள வளைவறைகளுக்கு இறங்குங்கள். சரிவில் சமதளம் கிடைக்காததால் பள்ளத்தாக்குப் பக்கம் சுமார் 23 மீட்டர் தாங்குசுவர் எழுப்பி, பின்னால் வரிசையாக வளைவறை கட்டி, அதன்மேல் முற்றத்தை ஏற்றியிருக்கிறார்கள். அந்த வேலை மேலே நிற்கும் தூணைவிடப் பெரிது.

அங்காரா வாசகம் பிடித்துப்போனால் யால்வாச் போகலாம். பிசீதிய அந்தியோக்கியா. லத்தீன் வாசகத்தின் துண்டுகள் அங்கேயும் கிடைத்தன. கோவிலுக்குப் பின்னால் பாறையையே அரைவட்டமாகக் குடைந்து வைத்திருப்பது வேறெங்கும் எளிதில் காண முடியாதது.

மே 3, இரவு 10.30 | திசைகாட்டி

யால்வாச் இந்த முறை இல்லை. அங்காராவில் ஒரு பகல்தான். எந்த வரிசையில் போக?

மே 4, காலை 7.00 | கல்லெழுத்து

காலையில் அனத்தோலிய நாகரிக அருங்காட்சியகம், கோட்டைப் பக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டு உலுஸ் இறங்கி, சாங்கிரி சாலையில் ரோமக் குளியல் வளாகம். அங்கே திறந்தவெளியில் வரிசையாகக் கல்வெட்டுக் கற்கள் வைத்திருக்கிறார்கள். கிரேக்க எழுத்துக்குக் கண் பழகிவிடும், அதனால்தான் கோவிலுக்கு முன்னால் அது. அரசு அலுவலகச் சதுக்கத்தில் பேரரசர் ஜூலியன் பெயரால் அழைக்கும் ரோமத் தூண், ஐந்து நிமிடம். மூன்றேகாலுக்குக் கோவில். முதலில் முன்முனைப் பட்டியல், பிறகு தலைப்பு, பிறகு கிரேக்கச் சுவர். வெயில் சாயச் சாய முகப்பு மூலையிலிருந்து பின்பக்கம் நடந்துகொண்டே படியுங்கள். மசூதிக்குள் போவதாக இருந்தால் பெண்களுக்குத் தலைத்துணி வேண்டும், செருப்பு வாசலில்.

அச்சுப்பிரதியை நீளவாக்கில் மடித்து எடுத்துப் போங்கள். மேட்டில் காற்று அடிக்கும், தனித்தாள் நிற்காது.